நாக்கில் இருந்த நூல்

யூதச் சட்ட மரபின் அடிப்படை நூல் மிஷ்னா. அந்த எபிரேயச் சொல்லின் வேருக்கே 'திரும்பச் சொல்' என்றுதான் பொருள்.

பழைய யூத அறிஞர்களுக்குத் தோரா, அதாவது இறைவன் தந்ததாக நம்பிய சட்டமும் போதனையும், இரண்டு. ஒன்று தோல் சுருளில் எழுதியது. மற்றது ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்குப் போவது. வாய்வழி வந்ததை எழுத்தில் வைத்துச் சொல்லக் கூடாது என்றே ஒரு விதி இருந்தது. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். 132 முதல் 135 வரை ரோமானியரை எதிர்த்து நடந்த பார் கோக்பா கிளர்ச்சியில், எருசலேமைச் சுற்றியுள்ள யூதேயா நிலைகுலைந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் பாடமும் போய்விடுமே! கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் ரபி யூதா ஹநாசி பல தலைமுறைப் பாடங்களை ஆறு பெரும்பிரிவுகளாகத் தொகுத்தார். அதுதான் மிஷ்னா.

சரி, அதை அவர் ஏட்டில் எழுதினாரா? அறிஞர்களிடையே இன்றும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. நூலின் நடையைப் பார்த்தால் மனப்பாடத்துக்கென்றே செய்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஓய்வுநாளில் விலக்கிய வேலைகளை 'நாற்பதுக்கு ஒன்று குறைவு' என்று முதலில் எண்ணிச் சொல்கிறது. பிறகு விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுதல், போரடித்தல், தூற்றுதல் என்று தொடங்கி அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல் என வயலிலிருந்து ரொட்டி வரை போகிறது. எண்ணிக்கை தெரிந்தால், ஒன்று விட்டுப்போனால் பிடித்துவிடலாம். வேலையின் வரிசை தெரிந்தால் அடுத்தது தானாக நாக்கில் வரும்.

கல்விக்கூடங்களில் 'தன்னா' என்ற ஒப்பிப்பாளர்கள் இருந்தார்கள். பாடத்தில் சந்தேகம் வந்தால் அவர்களை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பொருள் புரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று, மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் பிற்கால நூலான தல்மூது அவர்களைக் குறை சொல்கிறது. ஆனால் அந்தக் குறைதான் பாடத்தைக் காத்தது என்பேன். பொருள் புரிந்தவருக்குத் திருத்தத் தோன்றும். புரியாதவர் வாங்கியதை அப்படியே ஒப்படைப்பார்.

எழுத்து மெல்லத்தான் நுழைந்தது. தனிப்பட்ட குறிப்புகளை 'மறைவுச் சுருள்' என்று ஒளித்து வைத்தார்கள். அப்புறம், மறந்துபோவதைவிட விதியை மீறுவதே மேல் என்று துணிந்தார்கள்.

அப்படி எழுதியதில் இன்று கிடைக்கும் மிகப் பழையவற்றில் ஒன்று ஏட்டில் இல்லை, தரையில் இருக்கிறது. இஸ்ரேலின் பெத்ஷான் நகர் அருகே ரெகோவ் என்ற ஊரின் யூத ஜெபக்கூடத்தில், கி.பி. 6 அல்லது 7ஆம் நூற்றாண்டில், வண்ணக் கற்களைப் பதித்து 29 வரிகள் எழுதியிருக்கிறார்கள். நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டில் எந்த ஊரில் எந்த விளைச்சலுக்குத் தடை என்ற சட்டம் அது. 'ஷாலோம்' (அமைதி) என்ற வாழ்த்தோடு தொடங்கி வெள்ளரி, தர்பூசணி, எள், கடுகு, அரிசி, சீரகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது.