‘லாரி’க்குப் பின்னால் எத்தனை வாட்?

நார்வேயில், ஓட்டா ரயில் நிலையத்தில் இறங்கி, சைக்கிளில் பைகளை மாட்டும்போதே காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போக வேண்டியதும் மேற்கே. முதல் நாள், பள்ளத்தாக்கு வழியாக லோம் ஊர் வரை அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். மறுநாள், சோக்னஃபியெல் மலைச்சாலை ஏறி, அந்தப் பக்கம் கடல்மட்டத்தில் இருக்கும் ஷோல்டனில் இறங்க வேண்டும். சாலையின் உச்சி 1434 மீட்டர். வட ஐரோப்பாவின் மலைக்கணவாய்ச் சாலைகளில் இதுதான் மிக உயரமானது.

நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவன் நல்ல ஆகிருதி. கல்லூரியிலேயே அவனுக்கு ‘லாரி’ என்று பெயர். அந்த இரண்டு நாளில் எங்கள் வரிசை திரும்பத் திரும்பத் தலைகீழானது. சமதளத்தில் லாரியின் பின்னால் எல்லோரும். ஏற்றத்தில் எல்லோருக்கும் பின்னால் லாரி. இறக்கத்தில் லாரியைக் கண்ணிலேயே காணோம். யாருடைய கால்பலமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறியது, நாங்கள் மிதித்த மிதியெல்லாம் எங்கே செலவாகிறது என்பதுதான்.

சைக்கிள்காரனின் உழைப்பைத் தின்பவை மூன்று. டயர் தரையில் நசுங்கி உருள்வதால் வரும் தடை, காற்று, ஏற்றம். ஆள், வண்டி, பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயர் தடை ஏறக்குறைய 6 நியூட்டன். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அது பெரிதாக மாறாது. காற்று அப்படியில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை அந்த வேகத்தில் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். இருபுறமும் பை தொங்கும் பயண சைக்கிளில், காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போக சுமார் 90 வாட் போதும். 30இல் போக வேண்டுமென்றால் 230 வாட் வேண்டும். பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டுவதற்கு இரண்டரை மடங்கு உழைப்பு!

எதிர்காற்றில் கணக்கு இன்னும் கெடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் எதிர்காற்று வீசும்போது நாம் 15இல் போனாலும், நம் முகத்தில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. வோகோ ஏரிக்கரையில் எங்கள் நிலைமை அதுதான். முன்னால் போனவனுக்கு ஏறக்குறைய 150 வாட் தேவைப்பட்டிருக்கும்; அதில் டயருக்குப் போனது 25தான்.

இங்கேதான் நண்பர்கள் பயன்படுகிறார்கள். சைக்கிளில் போகிறவன் காற்றைப் பிளந்துகொண்டு போகிறான். பிளந்த காற்று அவன் முதுகுக்குப் பின்னால் உடனே ஒழுங்காகச் சேர்ந்துவிடுவதில்லை. சுழன்று, குழம்பி, கொஞ்ச தூரம் அவனோடு சேர்ந்தே இழுபட்டு வருகிறது. அந்தக் குழம்பிய காற்றுக்குள் முன் சக்கரத்தை நுழைத்துக்கொண்டால், உங்கள் மீது மோதும் காற்று ஏற்கெனவே வேகம் தணிந்தது. நெருங்கி ஓட்டினால் தடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். அதாவது முன்னால் 150 வாட், பின்னால் 105. நான்கு பேரும் முறைவைத்து முன்னால் வந்தால் சராசரி 120க்குக் கீழே. 150 வாட்டை நாள் முழுக்க மிதிக்க எங்களால் முடியாது. 120 என்றால் பேசிக்கொண்டே மிதிக்கலாம்.

முன்னால் போகிறவனுக்கும் சொற்ப லாபம் உண்டு. அவன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. அது அவனைப் பின்னுக்கு இழுக்கும். இன்னொருவன் ஒட்டி வரும்போது அந்தப் பள்ளம் ஓரளவு நிரம்புகிறது. ஓரிரு சதவீதம்தான், இருந்தாலும் லாரியிடம் இதை நான் பலமுறை எடுத்துச் சொன்னேன். “உனக்கும் நல்லதுதான்டா, முன்னாடியே போ.” அவன் நம்பவில்லை. பந்தயங்களில் இந்த விளைவு எந்த அளவுக்குப் போகும் என்பதை 2018இல் பெர்ட் ப்ளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. 121 பேர் நெருக்கமாகப் போகும் கூட்டத்தின் நடுவே, பின்பகுதியில் இருப்பவருக்குக் காற்றுத் தடை, தனியாகப் போகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம் வரை குறைந்துவிடுமாம். ஐந்து சதவீதம் குறைகிறது என்று வாசித்துவிடாதீர்கள், மீதமிருப்பதே அவ்வளவுதான்.

லோமில் 12ஆம் நூற்றாண்டு மரத் தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரொட்டியும் பழுப்புச் சீஸும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஏற ஆரம்பித்தோம். சாலை 1938இல் திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, கடற்கரையின் உப்பு கிழக்கேயும், உள்நாட்டு வெண்ணெயும் தோலும் மேற்கேயுமாகக் குதிரை முதுகில் இந்த மலையைக் கடந்தன. முதலில் பள்ளத்தாக்கோடு மெல்ல ஏறும் சாலை, போவர்ட்டூனுக்கு அப்புறம் நிமிர்ந்துகொள்கிறது.

சாய்வு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவை அதில் ஏற்ற, எடைக்கு மட்டும் 69 நியூட்டன். டயரையும் சேர்த்தால் 75. அதே 120 வாட்டில் மணிக்கு 6 கிலோமீட்டர்கூட வராது. அந்த வேகத்தில், காற்று அடிக்காதவரை, காற்றுத் தடை எவ்வளவு? ஒன்றேகால் வாட். நண்பன் பின்னால் ஒளிந்துகொண்டால் மிச்சமாவது அரை வாட். ஏற்றத்தில் அவனவன் எடையை அவனவன்தான் சுமக்க வேண்டும். வண்டியோடு 130 கிலோ இருந்த லாரி, அதே மிதிக்கு நாலரை கிலோமீட்டரில் ஊர்ந்தான். மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் பின்தங்கினான். உச்சிக்குப் போவதற்குள் நாங்கள் இரண்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கியர் இருக்கிறதே என்பார்கள். கியர் வேலையைக் குறைப்பதில்லை. சில்லறையாக மாற்றிக் கொடுக்கிறது. எங்கள் மிகச் சிறிய கியரில் முன்னால் 26 பல், பின்னால் 34. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுதான், வண்டி 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினால் மணிக்கு ஏறக்குறைய அதே 6 கிலோமீட்டர். தரவேண்டிய ஆற்றல் அப்படியே இருக்கிறது; ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்கும் அளவு மட்டும் சுருங்கியிருக்கிறது. (நார்வேக்காரர்கள் வேறு வழியும் யோசித்திருக்கிறார்கள். டிரோன்ஹெய்ம் நகரில் ஒரு மேட்டுச் சாலையில் 1993 முதல் சைக்கிள்காரர்களைக் காலடியில் முட்டுக்கொடுத்து மேலே தள்ளிவிடும் லிஃப்ட் இருக்கிறது. 130 மீட்டர் நீளம். சோக்னஃபியெலில் அதை நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.)

லோமிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 1050 மீட்டர் உயரம். 100 கிலோவை அவ்வளவு தூக்க ஒரு மெகாஜூல், உணவுக் கணக்கில் வெறும் 250 கிலோகலோரி. நான்கைந்து துண்டு ரொட்டி போதும்போலத் தோன்றும். ஆனால் தசை, உண்ட ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குக் கொடுக்கிறது. ஆகவே 1000 கிலோகலோரிக்கு மேல் செலவு. முக்கால் பங்கு வெறும் சூடு. 120 வாட் மிதிக்கிறவன் உடம்பில் 400 வாட் ஹீட்டர் எரிகிறது. ஆறு கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தணிக்கக் காற்றும் வராது. அதனால் பனித்திட்டுகள் கிடக்கும் சாலையோரத்தில், சட்டை பிழிந்தால் சொட்டும்படி வியர்வையில் ஏறினோம்.

உச்சியில் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கடல்மட்டத்தில் 15 டிகிரி என்றால் அங்கே 6கூட இல்லை. இறங்கத் தொடங்கியதும் மிதிப்பது நிற்கிறது, ஹீட்டர் அணைகிறது, 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது. காற்றுக்குளிர்க் கணக்குப்படி 5 டிகிரி, அந்த வேகத்தில் தோலுக்கு உறைநிலைக்கும் கீழே போலத் தெரியும். அதுவும் உலர்ந்த தோலுக்கு. ஏறும்போது கழற்றிய கம்பளிச் சட்டையை உச்சியில் நின்று, ஈர பனியனை மாற்றிவிட்டுப் போட்டுக்கொள்வதுதான் சரி. எனக்குப் பொறுமை இல்லை. முதல் வளைவிலேயே பல் தந்தியடித்தது.

ஷோல்டன் பக்கம் மலை செங்குத்தாக விழுகிறது. பனியாறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் கடைந்த பள்ளம் அது. கடல் உள்ளே புகுந்த அந்தப் பள்ளம்தான் சோக்னஃபியோர்ட். அதன் உள்முனையில் இருக்கிறது ஷோல்டன். இறங்க 1434 மீட்டர்! ஏறியதைவிடக் கூடுதல். மிச்சத்தை ரயில் ஏற்றிக் கொடுத்திருந்தது.

அவ்வளவு உயரத்திலிருந்து 100 கிலோ இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 1.4 மெகாஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அது காற்றுக்குப் போகலாம், அல்லது பிரேக்குக்கு. எதற்கு எவ்வளவு என்பது நம் கையில். 8 சதவீத இறக்கத்தில், பயந்துபோய் 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், 85 சதவீத ஆற்றல் பிரேக்கில் சூடாகும். அதே இறக்கத்தில் 50இல் விட்டால் காற்றும் டயருமே 85 சதவீதத்தை விழுங்கிவிடும். இரண்டு வளைவுக்கு நடுவே விட்டுவிட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, மறுபடி விட வேண்டும். 50இலிருந்து 20க்குக் குறைக்க எட்டு கிலோஜூல். ஒரு கிலோ அலுமினிய ரிம்கள் ஒன்பது டிகிரிதான் சூடேறும், அடுத்த நேர்ச்சாலையில் ஆறிவிடும்.

எங்களில் மிக ஜாக்கிரதையானவன் பிரேக்கை விடவே இல்லை. அவனுடையது பழைய ரிம் பிரேக். துர்த்தக்ரோவுக்குக் கீழே நிறுத்தி, பாட்டிலிலிருந்து ரிம்மில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்றது. டியூபுக்குள் காற்று 20 டிகிரியிலிருந்து 100க்குப் போனால் அழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடும். கம்பித் துளைகளை மூடும் பட்டையும் சூட்டில் இளகும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின் டியூப் வெடித்தது. நின்றுகொண்டிருந்தபோது வெடித்ததே, அதுவரை அதிர்ஷ்டம்.

லாரியோ எப்போதோ போய்விட்டான். எடை 30 சதவீதம் கூடினால் இழுவிசையும் அவ்வளவு கூடும். காற்றில் மோதும் பரப்பு மட்டும் பத்து சதவீதம் போலத்தான் கூடும். பிரேக் தொடாமல் 10 சதவீத இறக்கத்தில் எனக்கு 62 கிலோமீட்டர் என்றால் அவனுக்கு 67. காலையில் பட்ட பாட்டுக்கு வசூல்.

ஷோல்டன் ஏரிக்கு மேலே பாறையில் தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் குடில் இருக்கிறது. 1914இல் கட்டியது. அதற்கு முன் அவர் மான்செஸ்டரில் வானூர்திப் பொறியியல் படித்தவர்; 1911இல் ப்ரொபெல்லர் ஒன்றுக்குக் காப்புரிமைகூட வாங்கியிருந்தார். காற்றை விட்டுவிட்டு வார்த்தைகளுக்குப் போன மனிதர்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. கோடையில் பகல் வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறி, அங்கே காற்று மேலெழும்ப, கடலிலிருந்து காற்று ஃபியோர்டுக்குள் வரும். நாங்கள் மறுநாள் ஃபியோர்டைவிட்டு வெளியே போக வேண்டும். சீக்கிரம் எழுந்து காலையிலேயே கிளம்பியிருக்கலாம். பதினோரு மணிக்கு, டியூப் ஒட்டி முடித்து, லாரியை முன்னால் விட்டு வரிசையாக நின்றோம்.