எம்ப்ராய்டரி மெஷின் வாங்குமுன் துணியைப் பிடிக்கப் பழகுங்கள்

போன மாதம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. "அண்ணே, எனக்க மெஷினு கேடாயிட்டு. பூ போட்டா துணியெல்லாம் சுருங்குது." பேசிய பெண்ணின் குரல் கம்மியிருந்தது. கணவர் வளைகுடாவில் இருந்து அனுப்பிய பணத்தில் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் அது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

போய்ப் பார்த்தேன். மகளுக்குத் தைத்த மெல்லிய காட்டன் கவுனில் ஒரு தாமரை. பூ நன்றாகத்தான் விழுந்திருந்தது, ஆனால் சுற்றிலும் துணி அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்து கிடந்தது. துணியைத் தாங்க அடியில் வைக்கும் பேக்கிங் (backing) பேப்பரை வைக்கவே இல்லை. துணியைப் பிடிக்கும் ஃபிரேமில் மாட்டிய பிறகு நாலு பக்கமும் பிடித்து இழுத்து வேறு விட்டிருந்தார். நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கவில்லை. "மெஷினுக்கு ஒண்ணுமில்ல மக்ளே" என்று சொல்லி, அடியில் பேப்பர் வைத்து, துணியைத் திரும்ப மாட்டி, அதே தாமரையைப் போட்டுக் காட்டினேன். தட்டையாக உட்கார்ந்தது.

குமரி மாவட்டம் தக்கலையை மையமாக வைத்து இருபது வருடத்துக்கும் மேலாகத் தையல் மெஷின் பழுது பார்த்து வருகிறேன். பொழுதுபோக்குக்காக எம்ப்ராய்டரி தொடங்குபவர்கள் சமீப காலமாக அதிகம் கூப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் மெஷினில் பழுதே இருப்பதில்லை. பழுது துணியைப் பிடிக்கும் முறையில் இருக்கிறது. இதை யாரும் கடையில் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊசி ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் நூல் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். சாதாரணத் தையலில் அது தெரியாது. ஒரு சின்னப் பூவுக்கே ஐயாயிரம், பத்தாயிரம் தையல் விழும் இடத்தில், அத்தனை இழுப்பும் சேர்ந்து துணியைச் சுருட்டிவிடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் பேக்கிங். துணி தாங்காததை அது தாங்குகிறது. நெய்த காட்டன், லினன் போன்றவற்றுக்குக் கிழித்தெடுக்கும் பேப்பர் போதும். டி-ஷர்ட், பனியன் துணி என்றால் கிழிக்கும் வகை கூடாது. பூவைச் சுற்றி மட்டும் கத்தரித்துவிட்டு மிச்சத்தை உள்ளேயே நிறுத்தும் வகை வேண்டும். பனியன் துணி துவைக்கத் துவைக்க இழுபடும், உள்ளே பிடிப்பு இல்லாவிட்டால் பத்தாவது துவைப்பில் பூ உருக்குலைந்து போகும். டவலில் பெயர் போடுகிறவர்கள் மேலேயும் ஒன்று வைக்க வேண்டும். தண்ணீரில் கரையும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. அதை வைக்காவிட்டால் நூல் டவலின் சுருள்களுக்குள் புதைந்து எழுத்தே தெரியாது.

ஃபிரேமில் மாட்டும்போது துணி மேசையில் விரித்ததுபோல் சமமாக, சுருக்கமில்லாமல், இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் மாட்டிய பிறகு இழுக்கக் கூடாது. இழுத்து மாட்டிய துணி, ஃபிரேமைக் கழற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அந்தப் பெண்ணின் தாமரைக்கு நடந்தது இதுதான். புதுக் காட்டன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிளவுஸ் என்றால் வெட்டுவதற்கு முன்பே அளவை வரைந்து, எம்ப்ராய்டரி முடித்து, அப்புறம் வெட்டுங்கள். பட்டில் ஊசி போன துளை மறையாது, ஆகவே அதே மாதிரி ஒரு துண்டில் போட்டுப் பார்க்காமல் பட்டில் கை வைக்காதீர்கள்.

இந்தப் பிடிப்பு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, அவை நூலை நிறுத்த, நூல் சுற்றிய பாபின்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு குண்டூசி நகர்ந்தால் பின்னல் கோணும். எந்தப் பிடியும் இல்லாமல் நேர்த்தி வராது என்று அந்தப் பெண்களின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

சரி, புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்குவது? ஒரு ஸ்கூட்டருக்கு ஆகும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள் என்பதே என் முதல் யோசனை. வீட்டில் அம்மாவின் கால் மெஷின் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, அடியில் துணியைத் தள்ளும் பல்லை இறக்க வேண்டும். இறக்க வழியில்லாத பழைய மெஷினில் மெக்கானிக் அதைக் கழற்றித் தருவார். பிறகு துணி மாட்டிய எம்ப்ராய்டரி ரிங்கை இரண்டு கையாலும் நகர்த்தி, துணியில் நாமே வரைவது. கை எம்ப்ராய்டரிக்கு மாட்டுவதற்கு நேர்மாறாக ரிங்கை மாட்ட வேண்டும். பெரிய வளையம் கீழே, அதன் மேல் துணி, உள்ளே சின்ன வளையம். துணி மெஷின் தட்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். சின்ன வளையத்தில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டால் வழுக்காது.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. ஃபுட்தான் இல்லையே என்று ஃபுட்டைத் தூக்கி இறக்கப் பின்னாலிருக்கும் லீவரை இறக்க மறந்துவிடுவார்கள். லீவர் மேலே இருந்தால் மேல் நூலுக்கு டென்ஷன், அதாவது இறுக்கம், கிடைக்காது, அடியில் நூல் பறவைக்கூடு மாதிரி சுருண்டுவிடும். கம்ப்யூட்டர் மெஷினில் இதே கூடு வேறு காரணத்தால் வரும். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் நுழையாது. ஃபுட்டைத் தூக்கி வைத்தே கோருங்கள். அடியில் குழப்பம் என்றதும் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்கிறோம், பெரும்பாலும் தவறு மேலே இருக்கும்.

கால் மெஷினில் ஆறு மாதம் பழகிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கம்ப்யூட்டர் மெஷின் வாங்குங்கள். 4 அங்குலச் சதுர ஃபிரேமா, 5-க்கு 7 ஃபிரேமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மெஷின் ஏற்கும் பெரிய ஃபிரேமைத் தாண்டி, ஒரே மாட்டலில் பெரிய டிசைனைப் பிற்பாடு போட முடியாது. மெஷின் எந்த வகை டிசைன் ஃபைலைப் படிக்கும் என்றும் கேளுங்கள். பிரதர் கம்பெனி மெஷினுக்கு பி.இ.எஸ்., ஜனோம் கம்பெனி மெஷினுக்கு ஜெ.இ.எஃப். பெரிய தொழில் மெஷின்களில் புழங்குவது டி.எஸ்.டி., அதில் நூல் நிறம் சரியாகப் பதிவாவதில்லை, நாமே பார்த்து மாற்ற வேண்டும். ஃபோனில் இருக்கும் படத்தை அப்படியே மெஷினில் போட முடியாது. ஒவ்வொரு தையலும் எங்கே விழ வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து வகுத்தால்தான் டிசைன் ஆகும். பழக நினைப்பவர்களுக்கு இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

தமிழில் பெயர் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்துக்குப் போதும் என்று சொல்லப்படும் உயரம் நமக்குப் போதாது. 'கண்ணன்' என்று போட்டுப் பாருங்கள், ண-வின் சுழிகள் நூலில் அடைத்துக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே தமிழ் எழுத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஊசி, நூல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டெய்லர்கள் வழக்கமாகப் போடும் 14, 16 நம்பர் ஊசி எம்ப்ராய்டரிக்குத் தடிமன். 40ஆம் எண் எம்ப்ராய்டரி நூலுக்கு 11ஆம் நம்பர் ஊசி. எட்டு மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடுங்கள். மழுங்கிய ஊசிதான் பாதி நூலை அறுக்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் ஊசி பாக்கெட்டுக்குள்ளேயே துருப்பிடிக்கும், மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, அதனால் மெஷினை வேலை முடிந்ததும் மூடி வைப்பது கட்டாயம்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது அதுதான், எனக்குத் தெரியும். அது நாளடைவில் பசையாகி உள்ளே பஞ்சோடு சேர்ந்து இறுகிவிடும். அப்படி இறுகிப்போன எத்தனையோ நல்ல மெஷின்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மீட்டிருக்கிறேன். தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். கம்ப்யூட்டர் மெஷினில் அதையும் புத்தகம் சொல்லும் இடத்தில் மட்டும்.

ஃபுட் இல்லாத ஊசிக்கும் விரலுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. ரிங்கின் விளிம்பைப் பிடியுங்கள், உள்ளே விரல் வைக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊசி உடைந்தால் நுனி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. தாலிச் செயினையும் துப்பட்டாவையும் பின்னுக்குப் போடுங்கள். ஊசி விரலில் ஏறி உடைந்துவிட்டால் வீட்டில் பின் வைத்துக் குத்தி எடுக்க முயலாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எக்ஸ்ரேயில் துண்டு தெரியும், தேவைப்பட்டால் டெட்டனஸ் தடுப்பூசியும் போடுவார்கள். உடைந்த ஊசியின் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், முழுதாக இருக்கிறதா என்று. குழந்தைகள் தவழும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று சொல்லி மெஷின் விற்பவர்களை நம்பிக் கடனில் மெஷின் வாங்காதீர்கள். பொழுதுபோக்காகத் தொடங்கினால் கெட்டுப்போகும் துணியைப் பார்த்து வருத்தம் மட்டும்தான் வரும். தவணை கட்ட வேண்டிய கையில் அதே துணி பயத்தைக் கொடுக்கும், பயந்த கையில் வேலை பழகாது. ஆர்டர்கள் தானாக வந்தால் வரட்டும்.

நடு டிசைனில் கரண்ட் போனால் ஃபிரேமிலிருந்து துணியைக் கழற்றாதீர்கள். கரண்ட் வந்ததும் விட்ட தையலுக்குப் போய்த் தொடரலாம். கழற்றினால் அதே இடத்தில் திரும்ப மாட்ட யாராலும் முடியாது. கருங்கல் பெண்ணிடம் கிளம்பும்போது இதைத்தான் கடைசியாகச் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து ஃபோனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய சேலைத் துண்டில் வரிசையாக ஒன்பது தாமரை. முதல் நாலும் நெளிந்திருந்தன, ஐந்தாவது பரவாயில்லை, ஒன்பதாவது தட்டையாக இருந்தது. கவுனை இன்னும் தொடவில்லையாம்.