குறுக்கு விசை: ‘ஷோட் கட்’டுக்கு மலையிலிருந்து ஒரு சொல்

“மிஸ், ஷோட் கட்டுக்குத் தமிழ்ல என்னா?”

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நான் நடத்தும் கணினி வகுப்பில் புதுப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். ‘குறுக்குவழி’ என்று சொன்னால் தயங்குகிறார்கள். “அது கள்ள வழி இல்லையா மிஸ்?” என்று ஒரு பிள்ளை நேராகவே கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. குறுக்குவழியில் பணம் சேர்த்தான், குறுக்குப் புத்திக்காரன், குறுக்கே விழுந்து கெடுத்தான் என்று அந்தச் சொல்லைப் பழித்தே பழகிவிட்டோம்.

ஆனால் தேயிலை மலையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லின் நல்ல பக்கம் காலுக்கே தெரியும். லொறி செங்குத்தில் ஏறாது. அதனால் ரோட்டை மலையைச் சுற்றி வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். தெமோதரயில் ரயில் பாதையும் அப்படித்தான். ஒரே ஏற்றமாக ஏற முடியாமல், தண்டவாளம் குன்றைச் சுற்றி வந்து, ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகிறவர்கள் ரோட்டு வளைவையெல்லாம் நடந்து தீர்ப்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ‘குறுக்கால’ இறங்கிவிடுவார்கள். அதில் கள்ளம் ஏது? மலை தெரிந்தவர் நடக்கிற வழி அது.

சொல்லின் வேரும் அதையே சொல்கிறது. குறள், குறில், குறுந்தொகை எல்லாவற்றிலும் இருக்கும் ‘குறு’ தான் இதிலும் இருக்கிறது. குறுகு என்றால் தானே சிறிதாவது, குறுக்கு என்றால் சிறிதாக்குவது. இலக்கணத்தில் ஓர் எழுத்து தன் மாத்திரையில் குறைந்து ஒலித்தால் அதை ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்கிறோம். அங்கே யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. அதே குறுக்குக்கு ‘ஒன்றை ஊடறுத்து’ என்ற பொருளும் உண்டு: குறுக்குக் கோடு, குறுக்குத் தெரு. ஆங்கிலக்காரர் ‘ஷோட்’ என்று குறுமைக்கு ஒரு சொல்லும் ‘கட்’ என்று ஊடறுப்புக்கு ஒரு சொல்லும் வைத்துச் சேர்த்தார்கள். தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனக்கு இது பெரிய சந்தோஷம் தருகிற விஷயம்.

அப்படியானால் ‘குறுக்குவழி’ என்றே விட்டுவிடலாமே? அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினியில் ஷோட் கட் என்பது இரண்டு வேறு பொருள்களுக்குப் பெயர். ஒன்று, கீபோர்டில் கண்ட்ரோல்-சி மாதிரி விசைகளைச் சேர்த்து அழுத்துவது. மற்றது, திரையில் மூலையில் சின்ன அம்புக்குறியோடு இருக்கும் படம். அந்தப் படத்துக்குள் கோப்பு இல்லை, கோப்பு இருக்கும் இடத்தின் விலாசம் மட்டுமே இருக்கிறது. என் மாணவி ஒருத்தி அந்த அம்புக்குறிப் படத்தைப் பென் டிரைவில் கொப்பி பண்ணிக்கொண்டு, பிரிண்ட் எடுக்கக் கொமியுனிகேஷன் கடைக்குப் போய்விட்டாள். அங்கே திறந்தால் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஒப்படை கொடுக்க வேண்டிய பிள்ளை, மழையில் திரும்பி வந்தாள். அன்றைக்குத்தான் இரண்டையும் இரண்டு பெயரால் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். திரையில் இருப்பது குறுக்குவழி. விரலில் இருப்பது குறுக்கு விசை.

‘விசை’யையும் யோசித்தே எடுத்தேன். இலங்கையில் கீபோர்டைச் சாவிப்பலகை என்று எழுதுவதும் உண்டு. சாவி போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், வடக்கில் அதையே திறப்பு என்பார்கள். இரண்டும் பூட்டைத் திறப்பவை. கணினியில் நாம் எதையும் திருகித் திறப்பதில்லை, அழுத்துகிறோம். விசை என்றால் வேகம், உந்துதல், பொறியை இயக்கும் உறுப்பு. வேலையை வேகமாக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘சுருக்கு விசை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுருக்கு என்றதும் எனக்குக் கயிற்று முடிச்சு ஞாபகம் வருவதால் அதை விட்டுவிட்டேன்.

விசைகளின் கதையையும் வகுப்பில் சொல்வேன். வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற முறையை 1970களில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் வடித்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். பிறகு அவர் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த ஆப்பிள் லிசாவில் எக்ஸ், சி, வி என்ற பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இந்த வேலைகளுக்கு நின்றன. அவர் 2020இல் காலமானார். சி என்பது கொப்பியின் முதலெழுத்து. ஆங்கிலம் அதிகம் தெரியாத பிள்ளைகளுக்கு மற்றவற்றைப் படமாகச் சொல்கிறேன்: எக்ஸ் விரித்த கத்தரிக்கோல், வி ‘இங்கே செருகு’ என்று கீழே காட்டும் முனை. ஒரு தடவை சொன்னால் போதும், மறப்பதில்லை. தமிழ் விசை அமைப்பில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் விண்டோஸில் இவை அதே இடத்தில் வேலை செய்யும்.

மெனுவைத் திறந்து பார்த்தால், பல வேலைகளுக்கு நேரே வலப்பக்கத்தில் அதன் குறுக்கு விசை எழுதியிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மெனு வண்டி ரோடு, புதியவருக்கு அதுதான் சரி. அடிக்கடி போகிற வேலைக்கு மட்டும் குறுக்கு விசையைப் பழகிக்கொண்டால் போதும், ஐம்பதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதலில் நான் பழக்குவது சேமிக்கும் கண்ட்ரோல்-எஸ். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் கை தானாக அங்கே போக வேண்டும்.

அப்புறம், ‘சேர்த்து அழுத்து’ என்று சொல்லிக்கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். ‘கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே சி-யைத் தட்டு’ என்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கப் போனால் சில நேரம் சி முந்திவிடும். தெரிவு செய்து வைத்திருந்த பந்தி முழுவதும் மறைந்து, அந்த இடத்தில் ஒரே ஒரு ‘சி’ நிற்கும். பிள்ளையின் முகம் வெளிறிப்போகும். அந்த நேரத்தில் கையை வேறெதிலும் வைக்காமல், கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே இசட்டைத் தட்டினால் பந்தி திரும்ப வந்துவிடும்.