நாயின் பாதத்தில் சூடு இறங்கும் விதம்

நாயின் முன்னங்காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால், விரலுக்கு ஒன்றாக நான்கு சிறு திண்டுகளும், அவற்றுக்குப் பின்னால் ஏறக்குறைய முக்கோண வடிவில் பெரிய திண்டு ஒன்றும் தெரியும். விரலால் தடவினால் அவை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். கெரட்டின் என்னும் புரதத்தாலான இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து, கூம்பு போன்ற நுண்ணிய புடைப்புகளாக எழுந்து நிற்பதே இதற்குக் காரணம். நாயின் உடலில் மிகத் தடித்த தோல் இதுதான். அதன் அடியில் உயிருள்ள செல்களும் நரம்புகளும், இன்னும் கீழே கொழுப்பும் நார்த்திசுவும் கலந்த மெத்தை போன்ற பகுதியும் இருக்கின்றன. இதைப் பார்த்துத்தான் நாய்க்கு இயற்கையே செருப்புத் தைத்துக் கொடுத்திருக்கிறது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கல்லையும் முள்ளையும் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், இந்தத் தடித்த தோல் சூட்டைத் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே சென்று சேருவதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதமே பல நேரங்களில் நாயையும் அதை அழைத்துச் செல்பவரையும் ஏமாற்றிவிடுகிறது.

முதலில் சாலையைக் கவனிப்போம். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை, நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில் அளக்கப்படும் காற்றின் வெப்பநிலை. நாயின் பாதம் இருப்பதோ வெயில் நேராக விழும் தரையில். புதிதாகப் போட்ட கருந்தார் தன் மேல் விழும் சூரிய ஒளியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உள்வாங்கிக்கொள்கிறது. காற்று 25 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்த ஒரு வேளையில் தார்ச்சாலை ஏறக்குறைய 52 டிகிரியைத் தொட்டதாக, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1970ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரை பதிவு செய்திருக்கிறது. கோடை நண்பகலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. வெளிர்நிறக் கான்கிரீட் ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு சுடாது. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பச்சையாகத் தெரிவதால் செயற்கைப் புல்லும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆவியாக்க அதில் நீர் இல்லை என்பதால், அது தார்ச்சாலையையே மிஞ்சும் அளவுக்குச் சூடேறக்கூடும்.

அடுத்ததாக, பாதமும் தரையும் தொடும் இடத்தில் நடப்பதைப் பார்க்கலாம். 60 டிகிரிச் சாலையில் கால் வைத்தவுடன் தோலும் 60 டிகிரி ஆகிவிடுவதில்லை. இரண்டு பொருள்கள் தொடும்போது தொடுபரப்பின் வெப்பநிலை அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகவே அமையும்; எந்தப் பொருளின் பக்கம் அது சாயும் என்பதை, ஒவ்வொரு பொருளும் தன் உள்ளிருக்கும் வெப்பத்தை மேற்பரப்புக்கு எவ்வளவு விரைவாகக் கொண்டுவந்து தர வல்லது என்பது தீர்மானிக்கிறது. தாரும் உலர்ந்த தோலும் இதில் ஏறக்குறைய ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்பதால், 35 டிகிரியில் இருக்கும் பாதம் 60 டிகிரிச் சாலையைத் தொட்டால் தொடுபரப்பு தோராயமாக 50 டிகிரியை ஒட்டி நிற்கும். உலோகம் அப்படியன்று. சாலையிலுள்ள இரும்பு மூடியோ வண்டியின் பின்புற உலோகத் தளமோ அதே 60 டிகிரியில் இருந்தாலும், அதைத் தொடும் தோல் கிட்டத்தட்ட அந்த 60 டிகிரியையே எட்டிவிடும். சாலையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நாயை வண்டியின் தளத்தில் ஏற்றுபவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

50 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். தோலைப் பொறுத்தவரை அது மிகப் பெரியது. பன்றிகளையும் மனிதர்களையும் கொண்டு சோதித்து, மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் தீக்காய ஆய்வுக்கு அடிப்படையாக உள்ளன. தோலின் மேற்பரப்பு 44 டிகிரியில் இருந்தால் காயம் உண்டாக ஏறத்தாழ 6 மணி நேரம் பிடிக்கிறது. அதிலிருந்து 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 49 டிகிரியில் அது பத்து நிமிடத்துக்கும் குறைவு, 60 டிகிரியில் ஏறக்குறைய 5 விநாடி. ‘52 டிகிரிச் சாலையில் ஒரு நிமிடத்தில் பாதம் வெந்துவிடும்’ என்று பரவலாகச் சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அது தோலின் வெப்பநிலைக்குரிய கணக்கைச் சாலையின் வெப்பநிலை மேல் ஏற்றிச் சொல்வதால் வந்த மிகை. ஆனாலும் நண்பகல் சாலையில் சில நிமிட நடையே காயத்துக்குப் போதும் என்ற எச்சரிக்கை சரியானதுதான்.

மேலே சொன்ன தாமதம் இங்கேதான் வேலை செய்கிறது. தோல் போன்ற ஒரு பொருளில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெப்பம் ஊடுருவச் சில விநாடிகள் ஆகும். பாதத் திண்டின் இறந்த அடுக்கு ஏறக்குறைய அந்தத் தடிமனில் இருப்பதால், முதல் சில அடிகளில் நாய்க்குச் சூடு சரியாக உறைப்பதில்லை. புடைப்புகளின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதும் அந்த நேரத்தைச் சற்றுக் கூட்டுகிறது. நாய் தயங்காமல் சாலையில் இறங்குகிறது, நடுவழிக்கு வந்த பிறகுதான் கால்களை மாற்றி மாற்றித் தூக்குகிறது. அப்போது நிழலுக்கு இழுத்துச் சென்றாலும், சூடேறிய மேலடுக்கிலிருந்து வெப்பம் உள்நோக்கி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குவதால் அவை இன்னும் அழுந்தத் தரையைத் தொடுகின்றன.

நாய்களின் பாதத்தில் தமனியும் சிரையும் நெருங்கி ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் எதிரோட்ட அமைப்பு ஒன்று இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் விளக்கினார்கள். உறைபனியில் நிற்கும் பாதத்தையும் உடற்சூட்டையும் காக்கும் ஏற்பாடு அது. கொதிக்கும் சாலையில் அதனால் பயனில்லை. திண்டுகளில் வியர்வைச் சுரப்பிகள் இருந்தாலும், அந்த ஈரம் சாலையைக் குளிர்விக்கப் போதாது.

புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனைக்கு இப்போது பொருள் விளங்கும். புறங்கைத் தோல் மெல்லியது என்பதால் சூட்டை உடனே சொல்லிவிடும். 7 விநாடி என்பது, தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொள்ளும் ஏமாற்றைத் தவிர்ப்பதற்காக. நாய் நடக்கப்போகும் தரையிலேயே, வெயில் படும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் காற்று குளிர்ந்துவிட்டாலும், பகலெல்லாம் வாங்கிச் சேர்த்த வெப்பத்தைத் தார் மெதுவாகத்தான் விடுகிறது. ஆகவே நடைக்கு அந்தி வேளையைவிட விடியற்காலையே மேல்.

நாய்க்கான காலணிகள் உண்மையாகவே உதவுகின்றன, ஏனெனில் சில மில்லிமீட்டர் ரப்பர் அந்தத் தாமதத்தைப் பல மடங்காக்குகிறது. ஆனால் ரப்பரும் சூடேறும், உள்ளே வியர்வையும் தேங்கும் என்பதால் நெடுநேரம் மாட்டிவைக்கக் கூடாது. பாதத்தில் பூசும் மெழுகு வெடிப்பைத் தணிக்கலாம். சூட்டைத் தடுக்க அந்த மெல்லிய பூச்சால் இயலாது. நீந்திவிட்டு வந்த நாயைச் சொரசொரப்பான தரையில் ஓடவிடுவது தவறு, ஏனெனில் நீரில் ஊறிய கெரட்டின் எளிதில் தேய்ந்துவிடும்.

நாய் நொண்டினாலோ பாதத்தை ஓயாமல் நக்கினாலோ, திண்டு நிறம் மாறியோ கொப்புளம் கட்டியோ தோல் மடலாகப் பிரிந்தோ தெரிந்தாலோ, உடனே குளிர்ந்த குழாய் நீரைப் பாதத்தின் மேல் பத்து முதல் இருபது நிமிடம் வரை ஓடவிட வேண்டும். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் வெப்பத்தை வெளியே இழுப்பதற்கே இவ்வளவு நேரம். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். மனிதர்களுக்கான பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். சுத்தமான, ஒட்டாத துணியைத் தளர்வாகச் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உரிந்த இடத்தில் முதலில் வளரும் தோல் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். அதன் மேல் பழைய சொரசொரப்பு திரும்பும் வரை, சூடில்லாத சாலையும் அந்தப் பாதத்துக்கு வலிக்கும்.