விட்ட இடத்தைப் பாடம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது?

இணையப் பாடங்கள் தயாரிக்கும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போது, அறிவிப்பின் மேலே பளிச்சென்று இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம்: செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கேள்விகள், பேசும் பொம்மை முகம், புது டெம்ப்ளேட்டுகள். கீழே, சரிசெய்யப்பட்ட குறைகளின் பட்டியலில், மொபைலில் பாடத்தை மூடினால் முன்னேற்றம் சேமிக்கப்படாத சிக்கல் தீர்ந்தது என்பது போல ஒரு வரி ஒண்டிக்கொண்டிருக்கும். நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு வேண்டியது அந்த வரிதான்.

கோத்தகிரி பஜாரில் நின்றால் சிக்னல் முழுசாக இருக்கும். ஹட்டிக்கு, அதாவது படகர் கிராமத்துக்கு, இறங்கும் பாதையில் இரண்டு வளைவு திரும்பினால் மலை குறுக்கே வந்துவிடும். மொபைல் அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. இதில் மழை வேறு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை; குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. மரம் விழுந்து கரன்ட் போனால், டவரில் பேட்டரி இருக்கும் வரைதான் போன் பேசும். சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கொழுந்து பறிப்பது பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இரண்டு இலை, ஒரு மொட்டு எது, முற்றின இலை எது என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதியில் சிக்னல் போய், மறுநாள் திறந்தால் மறுபடி முதல் ஸ்லைடு வருகிறது. மூன்றாவது முறை யாரும் திறக்க மாட்டார்கள்.

பாடத்தை 'பப்ளிஷ்' செய்தால் கிடைப்பது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே வலைப்பக்கங்கள், படங்கள், ஒலிக்கோப்புகள், கூடவே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு. இதை மூடில் போன்ற ஒரு கற்றல் தளத்தில் ஏற்றுகிறோம். பாடத்தைச் செய்த மென்பொருள் ஒருவருடையது, அதை நடத்தும் தளம் இன்னொருவருடையது. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொது ஒப்பந்தம் வேண்டும். அதுதான் ஸ்கார்ம். அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய ஏடிஎல் என்ற அரசுத் திட்டத்தில், பாதுகாப்புத் துறையின் கீழ் உருவானது. அதன் 1.2 பதிப்பு 2001-ல் வந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் பப்ளிஷ் பட்டியலில் அது இல்லாத மென்பொருளைப் பார்ப்பது அரிது.

பாடம் திறந்ததும் அதற்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், தன்னைத் திறந்த ஜன்னலில் தளத்தோடு பேசுவதற்கான இணைப்பு 'ஏபிஐ' என்ற பெயரில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதற்கு மேல் ஜன்னல், அப்புறம் அதற்கும் மேல். கண்டுபிடித்ததும் தொடங்குகிறேன் என்று தகவல் சொல்லிவிடும். பிறகு நடப்பது பெரும்பாலும் இரண்டே வேலை: தளத்திடம் ஒரு மதிப்பைக் கேட்பது, அல்லது கொடுப்பது. முடித்தாரா பாதியா, மதிப்பெண் எவ்வளவு, எங்கே நின்றார். நின்ற இடத்தைக் குறிக்க 255 எழுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார், எந்த ஸ்லைடையெல்லாம் பார்த்தார் போன்ற மற்ற ஞாபகங்களுக்கு 'சஸ்பெண்ட் டேட்டா' என்று ஒரே ஒரு பெட்டி. அதன் கொள்ளளவு 4,096 எழுத்து.

தாராளம் என்று தோன்றும். கேள்விக்குத் தமிழில் தட்டச்சு செய்து பதில் சொல்லச் சொல்லும் வரை தாராளம்தான். 'கொழுந்து' என்பது நம் கணக்கில் 4 எழுத்து. யூனிகோடில் க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, இன்னொரு உகரக் குறி என்று 8 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், மொத்தம் 24. வழியில் எதுவும் சிதையக்கூடாது என்பதற்காகச் சில மென்பொருள்கள் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி எழுதி அனுப்பும். அப்போது ஒரு கொழுந்து 72 எழுத்தாகிவிடுகிறது. இப்படி 56 சொல் போட்டால் பெட்டி நிரம்பிவிடும். ஆங்கிலத்தில் அதே இலைக்கான நாலெழுத்துச் சொல், மாற்றி எழுதினாலும் நாலெழுத்தாகவேதான் இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

நிரம்பினால்? சில தளங்கள் வாங்க மறுக்கும், சில தளங்கள் வாலை வெட்டிவிட்டு வாங்கிக்கொள்ளும். வால் வெட்டுப்பட்ட குறிப்பைப் பாடத்தால் படிக்க முடியாமல் போகலாம். குறிப்பே இல்லாதது போல முதலிலிருந்து தொடங்கும். சேமிக்கும் தரவின் சுருக்கம் மேம்பட்டது என்று பதிப்புக் குறிப்பில் பார்த்தால் தமிழ்ப் பாடம் செய்கிறவர்கள் தயங்காமல் மேம்படுத்தலாம். ஸ்கார்ம் 2004-ன் பிற்காலப் பதிப்புகளில் இந்த அளவு 64,000 ஆக உயர்ந்தது. உங்கள் தளம் ஏற்குமானால் பப்ளிஷ் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி.

சரி, பெட்டியில் இடம் இருக்கிறது. அதை எப்போது அனுப்புவது? பழைய பாடங்கள் பலவும் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்து, ஜன்னலை மூடும் நொடியில் மொத்தமாக அனுப்பின. அனுப்பி முடியும் வரை பிரவுசர் காத்திருக்கும். இதனால் பக்கங்கள் மூடத் தாமதமாகிறது என்று, 2020-ல் வந்த குரோம் 80-லிருந்து, மூடும் நேரத்தில் இப்படிக் காக்க வைப்பதைத் தடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு பாட மென்பொருள்களும் கற்றல் தளங்களும் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட்டதற்கு இது ஒரு காரணம். மாற்றாக வந்தது 'பீக்கன்': சின்னப் பொட்டலத்தைப் பிரவுசரிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்கம் மறைந்துவிடும், பிரவுசர் தன் போக்கில் அனுப்பும். பொட்டலம் 64 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்.

மொபைலில் இன்னொரு தொல்லை. பிரவுசரை விரலால் மேலே தள்ளிவிட்டால், அல்லது நடுவில் போன் கால் வந்து மெமரிக்காக ஆண்ட்ராய்டு அதை மூடிவிட்டால், 'மூடுகிறோம்' என்ற சேதியே பாடத்துக்கு வராமல் போகலாம். நம்பத் தகுந்த கடைசி அறிகுறி, பக்கம் திரையிலிருந்து மறைந்தது என்பதுதான். நல்ல மென்பொருள் ஒவ்வொரு ஸ்லைடு முடிவிலும், பக்கம் மறையும் ஒவ்வொரு முறையும் சேமிக்கும். நான் ஒரு புதிய பதிப்பைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சோதிப்பேன்: மூன்றாவது ஸ்லைடில் பிரவுசரை மேலே தள்ளிவிட்டு மறுபடி திறப்பது.

இதெல்லாம் சிக்னல் இருந்தால். இல்லாத இடத்துக்குத்தான் எக்ஸ்ஏபிஐ. 2013-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. யார், என்ன செய்தார், எதை என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பதிவு செய்யும் முறை அது. இலை வாங்கும் இடத்தில் எடை போட்டு அங்கேயே சீட்டில் எழுதிவிடுவார்கள், ஃபேக்டரி கணக்கில் அது பிறகுதான் ஏறும் இல்லையா, அது போலத்தான். வாக்கியத்தில் நடந்த நேரம் தனி, சேமிப்பிடத்துக்கு வந்து சேர்ந்த நேரம் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு என்பதால், சிக்னல் விட்டுவிட்டு வந்து அதே வாக்கியம் இரண்டு முறை போனாலும் கணக்கில் ஒருமுறைதான் ஏறும்.

ஆனால் மென்பொருள் விளம்பரத்தில் எக்ஸ்ஏபிஐ ஆதரவு என்று போட்டிருந்தால் நெட் இல்லாமல் ஓடும் என்று நினைத்துவிட வேண்டாம். இது கணக்கெழுதும் முறை மட்டுமே. பாடத்தைப் போனில் இறக்கி வைப்பதும், வாக்கியங்களை வரிசையில் தேக்கி வைத்து அனுப்புவதும் செயலியின் வேலை. வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், பலர் கேட்பதில்லை.

இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக அக்டோபர் 2023-ல் வெளியான அணுகல் நெறிகளான டபிள்யூசிஏஜி 2.2 காரணமாக வந்த மாற்றம் ஒன்றும் நம் பக்கம் உதவும். படத்தை இழுத்துக் கூடையில் போடும் பயிற்சிகளுக்கு, இழுக்காமல் தொட்டே வைக்கும் வழியும் இருக்க வேண்டும் என்கிறது அது. மழையில் நனைந்த விரலுக்கு இது பெரிய சௌகரியம். தானாகப் படித்துக்காட்டும் தமிழ்க் குரல் முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஊர்க்காரர் ஒருவர் குரலைப் பதிவு செய்து போடுவதையே நான் விரும்புவேன்.

மேம்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. புதிய பதிப்பில் திறந்து மறுபடி பப்ளிஷ் செய்த பாடத்தை, ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாடத்தின் மேலேயே ஏற்றாதீர்கள். சஸ்பெண்ட் டேட்டாவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஸ்கார்ம் எதுவும் சொல்வதில்லை, எழுதும் முறை அந்தந்த மென்பொருளின் விருப்பம். பழைய பதிப்பு எழுதிய குறிப்பு புதியதற்குப் புரியாமல் போகலாம், பாதியில் இருப்பவர்கள் எல்லாரும் முதல் ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். புதியதைத் தனிப் பாடமாக ஏற்றி, புதிதாகச் சேர்பவர்களை அதில் சேருங்கள். பழையதை, பாதியில் நிற்பவர்கள் முடிக்கும் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.