வெதர் கேஜ்: காற்றுமுக நிலை

பாய்மரக் காலத்துக் கடற்போர்களைப் பற்றி ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ‘வெதர் கேஜ்’ என்ற சொல்லில் இடறாமல் போக முடியாது. அதை ‘வானிலைமானி’ என்று தமிழாக்கினால், தளபதி கையில் ஏதோ கருவியோடு போருக்குப் போனார் என்றாகிவிடும். மாலுமிப் பேச்சில் ‘வெதர்’ என்பது காற்று வரும் பக்கம். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் காற்று, புயல் என்ற பொருளும் இருந்தது. கடல் வழக்கு அதை விடாமல் வைத்துக்கொண்டது. ‘கேஜ்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அளவைச் சொல். இங்கே, எதிரியையும் காற்றையும் வைத்துப் பார்க்கும்போது நம் கப்பல் நிற்கும் இடம். எதிரிக்கும் காற்று வரும் திசைக்கும் இடையில் நாம் நின்றால் வெதர் கேஜ் நமக்கு. எதிரிக்கு ‘லீ கேஜ்’. ‘லீ’யின் வேர்ப்பொருள் ஒதுக்கிடம்.

இந்த இடத்துக்கு ஏன் அத்தனை போட்டி? பாய்மரத்தில் குறுக்கே தொங்கும் கழிகளான பருமல்களில் பாய் கட்டிய போர்க்கப்பல் காற்றை எதிர்த்து நேராக ஓடாது. திசைகாட்டியின் 32 புள்ளிகளில் ஏறத்தாழ 6 புள்ளி, அதாவது 67½ பாகை விலகித்தான் ஓடும். காற்று வரும் பக்கத்தில், அதாவது காற்றுமுகத்தில், நிற்பவர் நினைத்த நேரத்தில் எதிரிமேல் இறங்கலாம்; கீழே இருப்பவர் ஏறி வர முடியாது. பீரங்கிப் புகையும் எதிரி பக்கமே போகும்.

ஆனால் இது முழு வரம் அல்ல. பலத்த காற்றில் கப்பல் எதிரி பக்கமாகச் சாயும். கனமான பீரங்கிகள் இருக்கும் அடித்தளத்துச் சாளரங்கள் நீர்மட்டத்துக்கு மேல் நாலைந்து அடியில்தான் இருக்கும். அலை புகுந்துவிடும் என்று அவற்றை மூட வேண்டி வரும். இறங்கும்போதோ கப்பலின் முன்முனையான அணியம் எதிரியை நோக்கி இருப்பதால் பக்கவாட்டுப் பீரங்கிகள் சும்மா கிடக்கும், எதிரியின் வரிசையோ முழுதாகச் சுடும். பாய்மரம் முறிந்தால் கப்பல் எதிரியிடமே மிதந்து போகும். லீ கேஜில், அதாவது காற்றின் மறைவுப் பக்கத்தில், இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அடிபட்ட கப்பல் தன் வரிசைக்குப் பின்னே ஒதுங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் பல போர்களில் அந்தப் பக்கத்தையே விரும்பி எடுத்து, எதிரியின் பாய்மரங்களையும் கயிறுகளையும் சுட்டுத் துரத்த முடியாமல் செய்துவிட்டு நழுவினார்கள். அக்காலப் போர்களில் பல வெற்றி தோல்வியின்றி முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் அந்த வழக்கத்துக்கு விலக்கு; தானே போய்த் தாக்குகிறவர். 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் அவருடைய 11 கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் 11 கப்பல்களும் மோதின. காலையில் தென்மேற்குக் காற்று, காற்றுமுகம் ஹியூஸிடம். நண்பகல் கடந்ததும் தென்தென்கிழக்கிலிருந்து கடற்காற்று திடீரென்று அடித்தது. பாய்கள் முன்பக்கமாக அறைபட்டுப் பின்னோக்கி உப்பின. சில கப்பல்கள் இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் திரும்ப, இரண்டு வரிசையும் கலைந்தன. ஆடியை ஒட்டிய நாட்களில் காலையில் மேல்காற்றும் மதியத்துக்குமேல் கடற்காற்றும் அடிப்பது அக்கரையில் யாருக்கும் புதிதல்ல. 1782–83இல் இந்த இருவரும் மோதிய ஐந்து போர்களிலும் எந்தப் பக்கமும் எதிரியின் போர்க்கப்பல் ஒன்றைக்கூடப் பிடிக்கவோ மூழ்கடிக்கவோ இல்லை.

இனித் தமிழ்ச் சொல். முதலில் தோன்றுவது ‘காற்று மேல்நிலை’. அதில் ஒரு கண்ணி உண்டு: தமிழில் ‘மேல்’ என்றால் மேற்கும்தான். மேல்காற்று மேற்கிலிருந்து வருவது. வாடையில் வடக்கே நிற்கும் அணியை ‘மேல்நிலை’ என்றால் படிப்பவர் திசை தடுமாறுவார். ‘காற்றுவாக்கு’ நல்ல பழஞ்சொல். ஆனால் அது காற்று போகும் போக்கைக் குறிப்பது, வரும் பக்கத்தை அல்ல. அதோடு இன்று ‘காத்துவாக்குல கேள்விப்பட்டேன்’ என்பதிலேயே அது குடியேறிவிட்டது. அதனால் வெதர் கேஜுக்குக் ‘காற்றுமுக நிலை’, லீ கேஜுக்குக் ‘காற்றுமறைவு நிலை’ என்பது என் தேர்வு. மலைச்சரிவின் காற்று மறைவுப் பக்கத்தைப் புவியியல் பாடத்தில் படித்தவர்களுக்கு இரண்டும் உடனே பிடிபடும். ‘ஹியூஸ் காற்றுமுக நிலையைப் பிடித்தார்’, ‘காற்று திரும்பியதில் காற்றுமுகத்தை இழந்தார்’ என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காரும்.

இதே கணக்கில் ‘லீ ஷோர்’ என்பதைக் ‘காற்றுமறைவுக் கரை’ என்று எழுதிவிடக் கூடாது. அது பத்திரமான துறைமுகம் போல ஒலிக்கும். பொருளோ நேர் எதிர். மறைவுப் பக்கம் என்று எண்ணுவது கப்பலிலிருந்து பார்த்து, கரையிலிருந்து அல்ல. காற்று கப்பலை எந்தக் கரைமேல் ஒதுக்குகிறதோ அதுவே லீ ஷோர். ‘காற்று தள்ளும் கரை’ என்பதே சரி. வடகிழக்குப் பருவத்தில் சோழமண்டலக் கரை முழுவதும் அப்படித்தான். அதனால்தான் 1782 அக்டோபரில் ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரென் சுமத்திராவின் ஆச்சேவுக்கும் கிளம்பிப் போனார்கள்.