ஐந்நூறு ரூபாய் நோட்டில் பச்சை நீலமாவது எப்படி?

ஐந்நூறு ரூபாய் நோட்டில் உள்ள பச்சைக் கோடு காந்தி படத்தை ஒட்டி இருந்தால் கள்ள நோட்டு, ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தை ஒட்டி இருந்தால் நல்ல நோட்டு. இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பொய் என்று மத்திய அரசின் தகவல் சரிபார்ப்புப் பிரிவே சொல்லியும் ஓயவில்லை. அதை எனக்கு அனுப்பிய வாசகர் ஒருவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "கோடு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். சாய்த்தால் அது ஏன் நீலமாகிறது? ரேடியம் மாதிரி ஏதாவது தடவியிருக்கிறார்களா?"

ரேடியமெல்லாம் இல்லை. பதிலுக்குப் போகுமுன் கொஞ்சம் பழங்கதை.

பதினாறாம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி அடித்த வெள்ளி ரூபாய் சுமார் பதினொன்றரை கிராம் எடை. அதன் மதிப்பு வெள்ளியிலேயே இருந்தது. சந்தேகம் வந்தால் எடை போடலாம், கல்லில் தட்டி ஓசை கேட்கலாம். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. 1861இல் காகிதப் பணச் சட்டம் வந்து, விக்டோரியா மகாராணி படம் போட்ட நோட்டுகளை அரசு வெளியிட்டது. கொஞ்ச காலத்திலேயே கள்ள நோட்டுகள் பெருகிவிட்டன. 1867இல் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தபாலில் பணம் அனுப்பும்போது நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்த சேதி வந்த பிறகுதான் மறு பாதியை அனுப்புவார்களாம்.

1928இல் நாசிக்கில் நோட்டு அச்சடிப்பு தொடங்கியது. 1935இல் ரிசர்வ் வங்கி பிறந்தது. விடுதலைக்குப் பின் அரசர் தலை போய் சாரநாத் சிங்கங்கள் வந்தன. 1996இல் காந்தி வரிசை, 2016இல் அதன் புதிய வரிசை. இது பள்ளிப் பாடத்தில் வருவதுதான். நமக்கு வேண்டியது 2000ஆம் ஆண்டு. அந்த ஆண்டு இறுதியில்தான் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளின் எண்கள் நிறம் மாறும் மையில் அச்சாகத் தொடங்கின. இன்றைய ஐந்நூறில் வலது பக்கம் கீழே ரூபாய்க் குறியுடன் இருக்கும் 500தான் அந்த மை. வாசகர் கேட்ட கோட்டைப் போலவே இதுவும் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாகும். (அந்தக் குறி 2010இல் ஏற்கப்பட்டது, வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர்.)

சாதாரணப் பச்சை மை எப்படிப் பச்சையாகத் தெரிகிறது? அதில் இருக்கும் சாயம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பச்சைதான். நிறம் மாறும் மையில் அப்படிப்பட்ட சாயமே தேவையில்லை. மழை பெய்த சாலையில் சிந்திய டீசல் வானவில்லாக மினுங்குகிறதே, டீசலில் என்ன வானவில் சாயமா இருக்கிறது? அது மெல்லிய படலம் செய்யும் வேலை. மையிலும் அதே வேலைதான், கட்டுப்பாட்டோடு நடக்கிறது.

இந்த வகை மைக்குள் மிக நுண்ணிய செதில்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு செதிலும் பல அடுக்கு. நடுவில் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் அலுமினியம். அதன் இருபுறமும் ஒளி ஊடுருவும் மெக்னீசியம் புளோரைடு. அதற்கும் மேலே, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் அளவுக்கு மெலிந்த குரோமியம். இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்பதால் செதில் எப்படிக் கவிழ்ந்து விழுந்தாலும் கவலையில்லை. வெற்றிட அறைக்குள் உலோகங்களை ஆவியாக்கி, ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் அடுக்கடுக்காகப் படியவிட்டு, பிறகு உரித்துப் பொடித்து மையில் கலக்கிறார்கள். அச்சில் ஏறும்போது செதில்கள் தட்டையாகப் படுக்க வேண்டும். தாறுமாறாக நின்றால் ஆளுக்கொரு நிறம் காட்டி எல்லாம் சாம்பலாகிவிடும்.

ஒளி வந்து விழும்போது ஒரு பங்கு மேலே குரோமியத்திலேயே திரும்புகிறது. இன்னொரு பங்கு உள்ளே போய் அலுமினியத்தில் மோதித் திரும்புகிறது. இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதம் எந்த நிறத்தின் அலைநீளத்தோடு பொருந்துகிறதோ, அந்த நிறத்தின் அலைகள் முகடோடு முகடு சேர்ந்து வலுக்கின்றன. மற்றவை ஒன்றையொன்று அழிக்கின்றன. இடையில் இருக்கும் மெக்னீசியம் புளோரைடு அடுக்கின் தடிமனைச் சில நூறு நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) சரியாக வைத்தால் நேரே பார்க்கும்போது பச்சை.

இப்போது சாய்ப்போம். இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. சாய்ந்து நுழையும் ஒளி உள்ளே அதிக தூரம் போகும், இல்லையா? அப்படியானால் தாமதம் கூடும், அலைநீளமும் கூடும், பச்சை மஞ்சளாகி சிவப்புப் பக்கம் நகர வேண்டும். கல்லூரி மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். ஆனால் நோட்டு நீலமாகிறது, அதாவது அலைநீளம் குறைகிறது!

விட்டுப்போனது முதல் கதிரின் கணக்கு. சாய்வாக உள்ளே போன கதிர் சற்றுத் தள்ளித்தான் வெளியே வருகிறது. அது வெளியே வந்து முதல் கதிரோடு தோளோடு தோள் நிற்பதற்குள், முதல் கதிரும் காற்றில் கொஞ்ச தூரம் நடந்துவிடுகிறது. இந்த நடை, உள்ளே கூடிய தூரத்தை விட அதிகம். இரண்டையும் கழித்துப் பார்த்தால், தாமதம் உள்ளே இருக்கும் கோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறைகிறது. மெக்னீசியம் புளோரைடின் ஒளிவிலகல் எண், அதாவது உள்ளே நுழையும் ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.38. நோட்டை 45 பாகை சாய்த்தால் ஒளி உள்ளே சுமார் 31 பாகையில் போகும். அதன் கொசைன் 0.86. நேரே 530 நானோமீட்டர் பச்சை என்றால், சாய்த்ததும் சுமார் 455. அது நல்ல நீலம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை வைத்துக்கொண்டு ஒரு நோட்டின் நிறத்தைக் கணக்கிட முடிகிறது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

நகல் இயந்திரம் தோற்பதும் இதனால்தான். அது ஒரு கோணத்தில் பார்த்த பச்சையை எடுத்துப் பச்சைச் சாயத்தில் அச்சடிக்கும். பளபளப்பு மை போட்டு ஏமாற்றப் பார்த்தால் பளபளக்கும், மாறாது.

2016இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று தொலைக்காட்சிகளிலேயே பேசினார்கள். சிப் இல்லை, ஆனால் நானோ இருந்தது, அந்த எண்ணின் மையில். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நியூட்டன் சோப்புக் குமிழியின் நிறங்களை உட்கார்ந்து அளந்தார். நூறாண்டு கழித்து தாமஸ் யங் அலைகளை வைத்து விளக்கம் சொன்னார். இன்று ஒரு மாணவர் குமிழியை ஆராய நிதி கேட்டால் "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று ஒரு குழு கேட்கும். இந்த மெல்லிய படலங்களை நோட்டில் வைக்கும் ஆய்வைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் பொறுமையாகச் செய்தது; அது 1989இல் அந்நாட்டின் 50 டாலர் நோட்டில் ஏறியது. நாம் பதினோரு ஆண்டு பிந்தினோம். மைசூருவில் நிறம் மாறும் மையும் தயாரிக்கும் வர்ணிகா ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2022இல்தான். நல்ல விஷயம்தான், இன்னும் முன்பே நடந்திருக்கலாம்.

சரி, அந்த வாட்ஸ்அப் கோடு? அது காகிதத்துக்குள் பதித்த பாதுகாப்பு இழை. இழை ஓடும் இடத்தில் தாள் சற்றுத் தடித்திருக்கும். எல்லாத் தாளிலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் ஓடினால், அடுக்கி வைக்கும்போது அந்த இடம் மட்டும் மேடு தட்டி அடுக்கே சரிந்துவிடும். அதனால் நோட்டுக் காகிதம் செய்பவர்கள் இழையை வேண்டுமென்றே இடமும் வலமுமாகச் சற்று அலையவிடுவார்கள். உங்கள் நோட்டில் அது காந்தியை நெருங்கியிருந்தால் அடுத்த நோட்டில் கையெழுத்தை நெருங்கியிருக்கலாம். இடத்தை விடுங்கள், சாய்த்தால் நீலமாகிறதா என்று பாருங்கள்.